பதினாறு மார்க்

இயேசு மரி சூசை துணை

வடக்குத்து,
16-11-2014, ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள மேரிசெல்விக்கு,

உன் வீட்டுக்காரன் பாக்கியசாமி எழுதுவது. கல்யாணம் ஆன இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும், வினோலியா பிறக்க நீ விருத்தாசலத்தில் உன் அம்மா வீட்டில் இருந்தபோது எழுதியவை. இரண்டையும் 'நான் இங்கு நலம்' என்றுதான் தொடங்கியிருப்பேன். இதில் அந்த வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பயந்துவிடாதே, ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதுவும் இல்லை. சுகர் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாய். அந்தப் பக்கம் வினோலியா பேசுவது, மாப்பிள்ளை ஜாஸ்பர் இருமுவது, குக்கர் விசில், டி.வி. எல்லாம் எனக்குக் கேட்கிறது. அப்படியென்றால் நான் பேசுவதும் அத்தனை பேருக்கும் கேட்கும். சாப்பிட்டீர்களா என்பாய், சாப்பிட்டேன் என்பேன். மழையா என்பாய், மழைதான் என்பேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் நேரம் பார்க்கிறேன் என்று நினைக்காதே, வைத்ததும் போனே காட்டுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய். பேரன் ஜெப்ரின் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், அதாவது இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேலேயே, பெங்களூரிலேயே இருக்கட்டுமா என்று. நீ கேட்டு முடிப்பதற்குள், தாராளமாக இரு, எனக்கென்ன குறைச்சல், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பார்த்தியாம்மா, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டார்னு நான் சொன்னேன்ல என்று வினோலியா சொன்னது காதில் விழுந்தது. நீ மெதுவாகச் சரிங்க என்று வைத்துவிட்டாய்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை எழுதத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் எழுத வரவில்லை. நடுவில் ஆபீஸ் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால், கிழவனுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நீ யோசிப்பாய். ஆகவே பொறுமையாகப் படி. வினோலியாவிடம் கொடுக்காதே.

முதலில் வீட்டு விஷயம். மழை பத்து நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. சமையலறை மூலையில் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன். கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு மெழுகுவத்தி வாங்குகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிர்வீட்டில் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்கள். பெயர் தெரியாது. குவார்ட்டர்ஸில் இருந்தபோது நம் வரிசையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று உனக்குத் தெரியும், யார் எந்த ஷிப்ட் என்று எனக்குத் தெரியும். இங்கே முன்பு எதிரில் இருந்தவர்களுடைய நாயின் பெயர்கூட ஒரு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது அவர்களும் காலிசெய்து போய்விட்டார்கள், நாயோடு.

இனி ஆபீஸ் கதை. வினோலியாவோடு படித்த ஆனந்த்ராஜ் நடத்துகிற டிரஸ்டில் நான் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். என் பதவியின் பெயரைக் கேட்டு நீ சிரித்ததும் நினைவிருக்கும்: கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர். மைன்ஸ் டைம் ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம் ஹாஜர் எடுத்து ஊராரைக் கண்காணித்தது போதாதா என்றாய். அங்கே என்ன செய்கிறேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சுற்றுக் கிராமங்களில் தனியாக இருக்கிற வயதானவர்கள் நூற்றிருபது பேர் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டவர்கள். நிலக்கரி மைன்ஸுக்கு நிலம் கொடுத்துவிட்டு மாற்றுக் குடியிருப்புக்கு வந்து, பழைய தெருக்காரர்கள் நாலு திசைக்குப் பிரிந்துபோனவர்கள். இவர்களைப் பார்க்கப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருத்திக்குப் பத்து வீடு. வாரம் ஒரு நாள், ஒரு வீட்டில் அரை மணி நேரம். மாத்திரை போட்டார்களா என்று பார்க்க வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

திட்டம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்று அளக்கிற வேலை என்னுடையது. மாதம் ஒரு முறை படிவம் நிரப்ப வேண்டும். ஐந்து கேள்வி. நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், இரவில் தூக்கம் வருகிறதா, இந்த வாரம் எத்தனை நாள் வெளியே போனீர்கள், எத்தனை பேரோடு பேசினீர்கள், மனம்விட்டுப் பேச ஆள் உண்டா. கேள்விக்கு நாலு மார்க், மொத்தம் இருபது. நான் சேர்ந்தபோது இதை மனம்போன போக்கில் நிரப்பி வைத்திருந்தார்கள். ஒழுங்குபடுத்தினேன். படிவத்தின் கீழே, 'அவர்கள் சொன்னதை மட்டும் எழுதவும்; சொந்தக் கருத்து எழுதக் கூடாது' என்று அச்சடித்தேன். அதோடு ஒரு விதியும் போட்டேன். தொடர்ந்து மூன்று மாதம் பதினாறோ அதற்கு மேலோ வாங்குகிறவர் தேறிவிட்டார் என்று அர்த்தம். அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, காத்திருப்போர் பட்டியலிலிருந்து அடுத்த ஆளைச் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் நாற்பத்துமூன்று பேர் இருக்கிறார்கள் மேரி, அவர்களையும் பார்க்க வேண்டாமா? ஆனந்த்ராஜுக்கு விதி ரொம்பப் பிடித்துவிட்டது. டிரஸ்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சென்னையிலிருந்து வந்து பார்க்கிறவர்களிடம், இத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணிக்கை காட்டலாம் அல்லவா? தேறினவர்களுக்கு லேமினேட் செய்த சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்தார். 'தன்னிறைவு பெற்றவர்' என்று அதில் போட்டிருக்கும்.

ஆகஸ்ட் வரை நன்றாகப் போனது. செப்டம்பரில் ஏதோ உதைத்தது. முதல் மாதம் பதினேழு, இரண்டாம் மாதம் பதினேழு, மூன்றாம் மாதம் மட்டும் பதினைந்து. ஒருவருக்கு என்றால் சரி. அக்டோபரில் பார்த்தால் வரிசையாகப் பதினைந்து, பதினைந்து, பதினைந்து. ஒருத்தருக்கும் பத்து ஆகவில்லை, எட்டு ஆகவில்லை. மஸ்டர் ஹாஜர் புத்தகத்தில் எத்தனை விளையாட்டைப் பார்த்தவன் நான், இதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று. யாரோ கை வைக்கிறார்கள்.

சந்திரகலாவின் பத்து வீடுகளில்தான் இது அதிகம். நாற்பத்தைந்து வயதிருக்கும், வடக்குத்துக்காரி, வீட்டுக்காரர் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. பழகின வீடுகளை விட்டுப் புது வீட்டுக்குப் போகச் சோம்பல்பட்டு மார்க்கைக் குறைத்து எழுதுகிறாள் என்று நானே முடிவுகட்டினேன். மூன்றாம் தேதி கூட்டத்தில் பதினோரு பெண்கள் முன்னால் வைத்துக் கேட்டேன். உன் தம்பிக்கே ஆப்சென்ட் போட்டவன் நான், எனக்கு வாய் எப்படி என்று உனக்குத் தெரியும். அவள் அழவில்லை. அவுங்க சொன்னதைத்தான் எழுதினேன் சார், உங்க ஃபாரத்துலயே அப்பிடித்தான போட்டிருக்கு, வேணும்னா நீங்களே ஒருவாட்டி போயிப் பாருங்க என்று மட்டும் சொன்னாள்.

போனேன். ஆறாம் தேதி சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி மாணிக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அறுபத்தெட்டு வயது, மகன் திருப்பூரில். ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குரல் பாதாளத்துக்குப் போய்விட்டது. காலைலேருந்து பல்லுல பச்சத் தண்ணி படலிங்க என்றாள். வாசலில் ஒரு பூனை மீன் முள்ளை நக்கிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் கெளுத்திக் குழம்பு வாசனை. பூனையைக் காட்டினேன். அது பக்கத்து வூட்டுப் பூனைங்க என்றாள். மீன் யார் வீட்டு மீன் என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் சொன்னாள். நல்லா இருக்கறேன்னு சொன்னா சந்திரகலா வராதுங்களே சார், மொதல்ல சர்ட்டிபிகேட் வாங்கின ராஜாம்பா அப்பிடிச் சொல்லிட்டுத்தான இப்பத் தனியா குந்திகினு இருக்குது, அந்தத் தப்ப நான் செய்வனா என்றாள். மாதம் ஒரு முறை பிரஷர் பார்க்க எல்லாரும் ஆபீஸுக்கு வருகிறார்கள் அல்லவா, அங்கே பேசிக்கொள்கிறார்கள். பாவாடை என்று ஒரு பெரியவர், எட்டாவது வரை படித்தவர், சான்றிதழ் கொடுத்த அன்று நான் மேடையில் படித்த விதியைக் கேட்டுக் கணக்குப் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ரெண்டு மாசம் உண்மையைச் சொல்லு, மூணாவது மாசம் ஒரு வேளை சோத்தைக் குறைச்சிச் சொல்லு. ரொம்பவும் குறைத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள், ஆகவே பதினைந்தில் நிற்க வேண்டுமாம். மைன்ஸில் ஆயிரம் பேரை மேய்த்த எனக்கு, சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு கிழவர் கூட்டம் தண்ணி காட்டியிருக்கிறது.

மாணிக்கம்மாள் என்னைச் சாப்பிடச் சொன்னாள். பயனாளிகள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதும் நான் போட்ட விதிதான். சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிக்கொண்டேன். கொதிக்கக் கொதிக்க ஒருத்தர் பரிமாறி நான் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று இலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அந்த அம்மாள், சாருக்கு வூட்ல யாரும் இல்லிங்களா என்று கேட்டாள். இருக்காங்க, பெங்களூர்ல என்று சொன்னேன்.

அதற்கு மூன்றாம் நாள்தான் நீ போனில் கேட்டாய். அந்தக் கிழவி தன்னைப் பார்க்க வருகிற ஆளை இழக்கக் கூடாதென்று பொய் சொன்னதை நேரில் பார்த்துவிட்டு வந்தும், நான் உன்னிடம் தலைகீழாக ஒரு பொய் சொன்னேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை ராஜாம்பாளைப் பார்க்கப் போனேன். எங்கள் முதல் சான்றிதழை வாங்கியது அவள்தான். எழுபத்தொரு வயது, சந்தேகப்படாதே. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், ஒரே மகள் விழுப்புரத்தில். மாற்றுக் குடியிருப்பில் கடைசி வீடு, அதற்கப்பால் மைன்ஸ் மண்மேடுதான். மே மாதத்தோடு அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தோம். சான்றிதழ் கொடுத்த அன்று, ராஜாம்பாளைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான்தான் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் போனபோது பத்தரை மணி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மழை ஈரம் துடைத்து, போட்டிருந்தது. அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நான் பையைத் திறக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். மூணு வேளையும் சாப்பிடறேங்க, நல்லாத் தூங்கறேங்க, கோயிலுக்குப் போய்கினு வந்துகினு இருக்கறேங்க, நாலு பேருகிட்டப் பேசறேங்க, ஒரு குறையும் இல்லிங்க சார். ஐந்து கேள்வியும் வரிசை மாறாமல் அவளுக்கு நினைவிருக்கிறது. நான் சோதனை போட வந்திருக்கிறேன், குறைந்தால் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சான்றிதழை உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள்.

அடுப்பு அன்றைக்கு எரியவில்லை. முந்தின நாளும் எரிந்த மாதிரி இல்லை, விறகு நனைந்து கிடந்தது. ஒரு பன் பாக்கெட் பாதி தின்று மடித்து வைத்திருந்தது. வெளியே நாற்காலி யாருக்கு என்று கேட்டேன். செவ்வாக்கெழமைங்களே என்றாள். சந்திரகலா வருகிற நாள் செவ்வாய், நேரம் பத்தரை. வராதென்று தெரியுமாம், இருந்தாலும் பழக்கமாகிவிட்டதாம். ஆறு மாதமாக வாரா வாரம் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள் மேரி. என் கணக்கில் அவள் தேறினவள்.

திரும்பவும் பட்டியலில் எழுதிக்கொள்கிறேன், இப்போது எப்படி இருக்கிறாய் என்று மட்டும் உண்மையாகச் சொல் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். வேணாங்க சார், எல்லார் எதிர்லியும் கைதட்டிக் குடுத்தீங்க, இப்பப் போயி நான் நல்லா இல்லன்னு சொன்னா அது மரியாதையாங்க என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கோழி அவள் வீட்டில் வந்து முட்டையிடுகிறதாம், அந்த முட்டை யாருக்குச் சொந்தம் என்று மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே வழக்கு நடத்துகிறாளாம். கேட்க ஆளில்லாததால் தீர்ப்பு வரவில்லை. முட்டை அவளுக்குத்தான் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

மரியாதையா என்று அவள் கேட்டதுதான் வழி முழுக்க என்னோடு வந்தது. ஜனவரியில் பெங்களூரில் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? சம்பந்தி வீட்டார் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ இங்கே இருந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று யாரோ கேட்டார்கள். அவருக்கு யாரும் வேண்டாம், அவர் ஒருத்தரே ஒரு ஆபீஸ் என்று நீ சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் வேலை இருக்கிறது என்று பதினோராம் நாளே கிளம்பி வந்தேன். ஒரு வேலையும் இல்லை. நீ நாள் முழுக்கக் குழந்தையோடு, மற்றவர்கள் நாள் முழுக்க ஆபீஸில், நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டு காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். நான் கிளம்புகிறேன் என்றபோது நீ இரு என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். டிபன் கட்டிக் கொடுத்தாய். அந்தக் கோபத்தில்தான் வந்த வாரமே ஆனந்த்ராஜிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

ஆனால் உன்மேல் என்ன தவறு? நீ தினமும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். சாப்பாடு? ஆயிற்று. தூக்கம்? வருகிறது. வெளியே போகிறீர்களா? போகிறேன். நீ பெங்களூர் போன இந்தப் பதினான்கு மாதமாக நான் உனக்குச் சொன்ன பதில்களைக் கூட்டினால் இருபதுக்கு இருபது வரும். அவ்வளவு மார்க் வாங்கினவனைப் பார்க்க யார் வருவார்கள்? சொன்னதை வைத்து நீ முடிவெடுத்தாய். நான் போட்ட விதிப்படிதான் நடந்திருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதினேன். இருபத்துநாலாம் தேதி சென்னையிலிருந்து மதிப்பீட்டுக்கு வருகிறார்கள், திட்டம் அடுத்த மூன்று வருஷம் நடக்குமா என்பது அதில் இருக்கிறது. முப்பத்தொரு பேர் தேறினார்கள் என்ற எண்ணிக்கையை எழுதி, அதன் கீழே, இது நம்பத்தக்கதல்ல, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவர்களைக் கைவிடுகிற விதி இது, இதைப் போட்டவன் நான் என்று கையெழுத்துப் போட்டேன். ஆனந்த்ராஜ் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். நம்ம கையில காட்ட இருக்கிறதே இந்த ஒரு எண்ணிக்கைதான் சார், அவங்க வந்துட்டுப் போன பிறகு இதைச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். பிள்ளை மாதிரி கேட்கிறார், பாவமாக இருந்தது. ஆனாலும் பொய் ஹாஜர் போட்டு எனக்குப் பழக்கமில்லை. வாரம் ஒரு தரம் போவதை ஒரேயடியாக நிறுத்தாமல் மாதம் ஒரு தரமாவது போகலாம் என்று எழுதியிருக்கிறேன். அப்படியானால் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற நாற்பத்துமூணு பேருக்கு யார் போவாங்க என்றார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் ஃபைலில் வைத்தார். சென்னைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று போகப்போகத்தான் தெரியும். நாளைக்குக் கூட்டத்தில் சந்திரகலாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். திட்டினது எல்லார் முன்னாலும், ஆகவே மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான்.

இப்போது என் விஷயம். சொன்னதைத் திருத்தி எழுதுகிறேன், படித்துக்கொள்.

சாப்பாடு: காலையில் வடிக்கிற சோறுதான் ராத்திரிக்கும். குழம்பு கடைப் பாக்கெட்டுத் தூள். சில நாள் ராஜாம்பாள் மாதிரி பன். தூக்கம்: பகலில் நாற்காலியில் வருகிறது, கட்டிலில் வருவதில்லை. உன் தலையணையை பீரோமேல் ஏற்றி வைத்தேன், பிறகு இறக்கிவிட்டேன். வெளியே: ஆபீஸ், கோயில் பூசை, அவ்வளவுதான். பூசை முடிந்து எல்லாரும் நின்று பேசுகிற இடத்தில் நான் நிற்பதில்லை. மேரி எப்போ வர்றாங்க என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேசியவர்கள்: ஆபீஸ் தவிர்த்தால், இந்த வாரம் கேஸ் புக் பண்ணும்போது ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்கிற பெண். அவளுக்கும் நான் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

ஐந்தாவது கேள்விக்கு, மனம்விட்டுப் பேச ஆள் உண்டா என்பதற்கு, உண்டு என்று எழுதலாம். அந்த ஆள் பெங்களூரில் இருக்கிறாள், அவளிடம் நான் இதுவரை மனம்விட்டுப் பேசியதில்லை. இதற்கு எத்தனை மார்க் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது தவறான தகவல். நான் நன்றாக இல்லை மேரி. நீ இல்லாமல் இந்த வீட்டில் என்னால் முடியவில்லை. இதை எழுத எனக்கு அறுபத்தொரு வயது வரைக்கும் ஆகியிருக்கிறது.

குழந்தையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். வினோலியா வேலைக்குப் போகிறவள், அவளுக்கு உன்னை விட்டால் யார்? கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் வா. ஜெப்ரினைத் தூக்கிக்கொண்டே வா, அவனுக்கு மைன்ஸ் மேட்டைக் காட்டுகிறேன். அது முடியாதென்றால் நான் அங்கே வருகிறேன். இந்தத் தடவை நான் கிளம்புகிறேன் என்றால் இரு என்று சொல். நான் மூன்று தரம் வேண்டாம் என்பேன், நாலாவது தரமும் சொல். அதுவும் முடியாதென்றால், செவ்வாய்க்கிழமை தோறும் பத்தரை மணிக்கு, குழந்தை தூங்குகிற நேரத்தில், ஸ்பீக்கர் போடாமல் அரை மணி நேரம் பேசு. நான் ராஜாம்பாள் வீட்டு வாசலில் இருப்பேன், ஆபீஸ் வேலையாக அல்ல, சும்மாதான். அவளும் உன்னோடு பேசட்டும்.

பேரனுக்கு என் முத்தங்கள். அவன் நெற்றியில் நான் போடுவதாக ஒரு சிலுவை போடு. வினோலியாவையும் மாப்பிள்ளையையும் மாதா காப்பாற்றட்டும். உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்க மறக்காதே.

உன் கவனிப்புக்குக் காத்திருக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர், முதலில் குழந்தை, பிறகு வினோலியா, அது எனக்குத் தெரியும். வரிசையில் நான் கடைசியில் நிற்கிறேன். நன்றாக இருக்கிறான் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், என் பெயரை மட்டும் அடித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வருகைக்குக் காத்திருக்கும்
பாக்கியசாமி